கைப்பேசிக்குக் கடன் கேட்கும் முன்

திருவொற்றியூர்ப் பக்கத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளைச் சென்ற வைகாசியில் நாம் பார்வையிட்டுக்கொண்டிருந்தோம். நகையீட்டுக் கடன் மனுக்கள் அடங்கிய கோப்பைப் புரட்டியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கடனின் நோக்கம் என்ன என்று கேட்கும் இடத்தில் வைத்தியம், பிள்ளைகள் படிப்பு, நூல் கொள்முதல், வீட்டு மராமத்து என்ற பழகிய சொற்களுக்கு நடுவே ‘கைப்பேசி வாங்க’ என்ற சொற்களும் இருந்தன. ஒன்றல்ல, சில மனுக்களில் இருந்தன. காதுத் தோட்டையும் கழுத்துச் சங்கிலியையும் சங்கத்தில் வைத்து அங்கத்தினர்கள் கைப்பேசி வாங்குகிறார்கள்!

அவ்வாறு மனுச் செய்திருந்தவர்களில் ஒருவர் அப்பொழுது வட்டி கட்டுவதற்காக அலுவலகத்துக்கு வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். காலடிப்பேட்டையில் பரம்பரையாக நெசவு செய்த குடும்பம். அந்தப் பேட்டையே நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காக, 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் ஏற்படுத்தியது என்பதும், அவர் பெயரே காலடி என்று மருவிற்று என்பதும் நம் வாசகர்களில் பலர் அறிந்ததே. பெரியவரின் மருமகள் கைத்தறிச் சேலைகளின் படங்களைக் கைப்பேசியில் அனுப்பி விற்பனை செய்து வருகிறார். ஆகவே அது அவ்வீட்டில் விளையாட்டுப் பொருள் அல்ல. தறியையும் தராசையும் போன்ற ஒரு தொழிற் கருவி.

“பழைய போன் என்ன ஆயிற்று, பெரியவரே?” என்று கேட்டோம்.

“சார்ஜே நிற்கவில்லை சார். காலையில் நிரப்பினால் பத்து மணிக்குள் அணைந்துபோகிறது. கடையில் காட்டினேன். இனிமேல் இது உதவாது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.”

அந்தப் பழைய கைப்பேசி அவர் பையிலேயே இருந்தது. வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. திரையில் கீறல் இல்லை. பேச்சு தெளிவாகக் கேட்டது. படங்கள் நன்றாக விழுந்தன. பின்புற மூடி மட்டும் ஒரு பக்கத்தில் மயிரிழை அளவு தூக்கிக்கொண்டு நின்றது. பாட்டரி உப்பியிருந்தது. கெட்டது பாட்டரி ஒன்றே. அதை மாற்றுவதற்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் ஆகியிருக்கும். பெரியவரோ மருமகளின் சங்கிலியை வைத்துப் பதினாலாயிரம் ரூபாய்க்குப் புதியது வாங்கிவிட்டார். பழையதை என்ன செய்வதென்று அறியாமல் பையில் போட்டுக்கொண்டு அலைகிறார்.

தேய்ந்த நாடாவுக்காகத் தறியையே மாற்றிய நெசவாளரை நாம் கண்டதில்லை. கைப்பேசி விஷயத்தில் மட்டும் அப்படிச் செய்கிறோம். காரணம், உள்ளே இருப்பது இன்னதென்று நமக்குத் தெரியாதது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று மூடியை ஒட்டி விற்பவர்கள் நினைப்பது. இந்த அறியாமையில் நமக்கும் பங்கு உண்டு. பட்டம் பெற்றவர் என்று பெயர். சங்கங்களின் ஐந்தொகையைப் பிரித்துப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது தொழில். ஆயினும் இரண்டு வருஷ காலம் நம் கைப்பேசியை ஸ்கூட்டரின் முன்பெட்டியில் போட்டுக்கொண்டு, எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் உச்சி வெயிலில் காத்துக் கிடந்தோம். நம்முடையதும் உப்பிற்று. அதன் பிறகே இவ்விஷயத்தைப் படித்தும் கேட்டும் அறிந்தோம்.

கைப்பேசியில் இருப்பது லித்தியம் அயனிப் பாட்டரி. 1991-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழிவகுத்த ஆராய்ச்சிக்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. குடினஃபுக்கு அப்பொழுது வயது தொண்ணூற்றேழு. பாட்டரியின் உள்ளே இரண்டு மெல்லிய தகடுகள் உண்டு. ஒன்றில் கிராபைட் என்னும் கரி பூசப்பட்டிருக்கும். மற்றொன்றில் லித்தியம் கலந்த உலோகக் கூட்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே ஒரு தாள் இருக்கும். ஒரு திரவம் அதை நனைத்திருக்கும். சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் கரிப் பக்கம் போய்த் தங்குகின்றன. உபயோகிக்கும்போது திரும்பி வருகின்றன. தறியில் நாடா இப்பாலும் அப்பாலும் ஓடுவதைப் போன்ற இந்தப் போக்குவரத்தே பாட்டரியின் வாழ்வு.

ஒவ்வொரு போக்குவரத்திலும் சிறிது லித்தியம் வழியில் சிக்கி, கரியின் மேல் ஆடைபோல் படிந்துவிடுகிறது. படிந்தது திரும்பி வராது. ஆடை தடிக்கத் தடிக்கப் போகும் வழி இறுகுகிறது. எனவே பழைய பாட்டரிக்கு இரண்டு குறைகள் நேரும். கொள்ளும் அளவு குறைகிறது. கேட்டவுடன் மின்சாரத்தைக் கொடுக்கும் வல்லமையும் குறைகிறது. இருபது சதவீதம் இருப்பதாகத் திரை காட்டும்போதே, ஒரு படம் எடுக்கப் போனால் கைப்பேசி திடீரென்று அணைந்துவிடுவதன் காரணம் இந்த இரண்டாவது குறையே. ‘போன் பொய் சொல்கிறது’ என்று நம் அங்கத்தினர்கள் சொல்வார்கள். பொய் அல்ல. பானையில் நீர் இருக்கிறது, வாய்தான் அடைத்துக்கொண்டது.

இந்த ஆடை படிவதை யாராலும் நிறுத்த முடியாது. விரைவாகப் படியச் செய்ய மட்டும் நம்மால் முடியும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெப்பம், மற்றொன்று எப்பொழுதும் நிறைய நிரப்பியே வைத்திருப்பது. பாட்டரித் தொழிலில் பல காலமாக எடுத்தாளப்படும் ஒரு கணக்கை இங்கே கூறுவோம். நாற்பது சதவீதம் நிரப்பிய பாட்டரியை 25 டிகிரி வெப்பநிலையில் ஓராண்டு சும்மா வைத்திருந்தால் அதன் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். முழுதும் நிரப்பி அதே இடத்தில் வைத்திருந்தால் 80 சதவீதமே மிஞ்சும். வெப்பநிலை 40 டிகிரியானால் முன்னதற்கு 85, பின்னதற்கு 65. கவனியுங்கள்: இவை உபயோகிக்காமல் அலமாரியில் வைத்த பாட்டரிகள். சூட்டில் நிறைந்து கிடந்த ஒரே குற்றத்துக்காக ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் போய்விடுகிறது.

ஐபோன் செய்யும் ஆப்பிள் நிறுவனம், 35 டிகிரிக்கு மேற்பட்ட சுற்றுப்புற வெப்பம் பாட்டரியின் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைக்கக்கூடும் என்று தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லுகிறது. இதற்கு உகந்தது 16 முதல் 22 டிகிரி வரையாம். மார்கழி விடியற்காலையில் கடற்கரையில் நின்றாலன்றி நமக்கு இருபத்திரண்டு டிகிரி ஏது? சென்னையில் 2003 மே 31-ஆம் தேதி 45 டிகிரி பதிவாயிற்று. அது நிழலில் எடுத்த அளவு. தண்டையார்ப்பேட்டையிலும் எர்ணாவூரிலும் தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் போட்ட வீடுகளில், கூரைக்கு ஒரு முழம் கீழே உள்ள பரணில், பிற்பகல் இரண்டு மணிக்கு என்ன வெப்பம் இருக்கும் என்பதை அங்கே குடியிருப்பவர்களே சொல்ல வேண்டும். நம் பெரியவரின் வீட்டில் மின்செருகி இருந்தது அந்தப் பரணுக்கு அருகில்தான். இரவு பத்து மணிக்குச் செருகினால் காலை ஆறு மணிக்கே எடுப்பது. பகலிலும் அங்கேயே போட்டுவைப்பது. கீழே விழுந்தால் உடையாமல் இருக்கத் தடித்த ரப்பர் உறை. வேகமாக நிரப்பும் சார்ஜர். இத்தனையும் சேர்ந்தால் எந்தப் பாட்டரி நிற்கும்? மூன்று வருஷம் தாங்கியதே பெரிது என்று நமக்குத் தோன்றுகிறது.

வேகமாக நிரப்பும் சார்ஜரைப் பற்றி ஒரு வார்த்தை. அது தன்னளவில் தீங்கானது அல்ல. அவசரத்துக்கு அரை மணி நேரத்தில் பாதி நிரப்பிக்கொண்டு ஓடுவதற்கு அது நல்ல சாதனம். ஆனால் வேகம் வெப்பத்தைப் பிறப்பிக்கும். உறையைக் கழற்றாமல், தலையணைக்கு அடியிலோ வெயில் படும் லாரி முகப்பிலோ வைத்துக்கொண்டு அதைச் செருகுவதும், செருகியபடியே படம் பார்ப்பதும்தான் கெடுதல். நிரம்பும் முறையையும் தெரிந்துகொள்வது நலம். ஏறக்குறைய முக்கால் அளவு வரை வேகமாக நிரம்பும். அதற்கு மேல் மெள்ள மெள்ளவே நிரம்பும். அந்தக் கடைசிப் பகுதியில்தான் பாட்டரிக்குள் அழுத்தம் மிகுதி. பாவை அளவுக்கு மேல் இறுக்கிக் கட்டிவிட்டு இரவெல்லாம் விட்டுவைத்தால் நூல் என்ன பாடுபடும் என்பதை நெசவாளர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இப்பொழுது வரும் பல கைப்பேசிகளில், எண்பது சதவீதத்தோடு நிரப்புவதை நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் பாட்டரி என்ற பகுதியைத் திறந்தால் காணலாம். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் ஒரு நிமிஷத்தில் செய்து கொடுத்துவிடும்.

இதற்கு நேர்மாறான ஒரு நம்பிக்கை நம்மிடையே பரவி இருக்கிறது. முற்றிலும் தீர்ந்து அணையும் வரை உபயோகித்துவிட்டு, பிறகு முழுவதும் நிரப்ப வேண்டும். அரைகுறையாக நிரப்பினால் பாட்டரி அந்த அளவையே ‘நினைவு’ வைத்துக்கொள்ளும் என்கிறார்கள். இது நிக்கல் காட்மியம் பாட்டரிகளின் காலத்தில் சொல்லப்பட்டது. அப்பொழுது அதில் நியாயமும் இருந்தது. லித்தியம் பாட்டரிக்கு அந்த நினைவு கிடையாது. அடிவரை தீர்ப்பது அதற்குத் துன்பமே. இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில், நேரம் கிடைத்தபோது சிறிது சிறிதாக நிரப்பிக்கொள்வதே அதற்கு உகந்தது. மாட்டுக்குத் தீவனம் வைக்கும் நம் விவசாய அங்கத்தினர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இதுவரை சொன்னது பாட்டரியின் ஆயுளைப் பற்றி. ஒரு நாளைக்குள் ஏன் விரைவில் தீர்கிறது என்பது வேறு விஷயம். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் திரையை உச்சப் பிரகாசத்தில் வைப்பதும், தானாக ஓடும் படங்களும், இருப்பிடம் காட்டும் ஏற்பாடும் தின்பதை யாவரும் அறிவர். யாரும் எண்ணிப் பாராதது அலைவரிசைக் குறைவு. கோபுரம் அருகில் இருந்தால் கைப்பேசி மெல்லப் பேசும். தொலைவில் இருந்தாலோ, நடுவே இரும்பு இருந்தாலோ உரக்கக் கத்த வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் சாலையிலும் சரக்குப்பெட்டி முற்றங்களிலும் இரும்புச் சுவர்களுக்கு நடுவே எட்டு மணி நேரம் வேலை செய்யும் இளைஞரின் கைப்பேசி, சட்டைப் பையில் சும்மா கிடந்தும் மாலைக்குள் தீர்ந்துபோவது இதனால்தான். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் செல்வோருக்கு இது இன்னும் மிகுதி. கரை மறைந்து சிறிது தூரம் போனதும் கோபுரம் எட்டாது. கைப்பேசியோ விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். கரை திரும்பி விலை கேட்க வேண்டிய நேரத்தில் அது அணைந்திருக்கும். அலை எட்டாத இடத்தில் ‘விமான நிலை’ என்னும் பொத்தானை அமுக்கி வைத்தால் அந்த வீண் தேடல் நின்றுவிடும். விமானத்தில் ஏறாதவர்களுக்கே அந்தப் பொத்தானால் உபயோகம் அதிகம் என்பது நம் அபிப்பிராயம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் நம் வாசலுக்கு வந்தன. டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் வடசென்னையின் பல தெருக்கள் நாட்கணக்கில் நீரில் நின்றன. மின்சாரம் இல்லை. எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து வீடுகளிலும் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. அந்நாட்களில் ஒரு தெருவில் நாம் கண்டது இன்னும் மறக்கவில்லை. மேட்டில் நின்ற ஒரு லாரியின் பாட்டரியில் கம்பி இணைத்து, ஓட்டுநர் ஒருவர் அக்கம்பக்கத்தாரின் கைப்பேசிகளுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தார். காசு வாங்கவில்லை. ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று முறை வைத்திருந்தார். முறையை மீறியவர்களும் இல்லை. பதிவு பெறாத சங்கம் என்றாலும் அது சங்கந்தான்.

அந்த வரிசையில் நின்றவர்களில் சிலருடைய கைப்பேசிகள் பத்து நிமிஷத்தில் ஏறியதை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் தாங்கின. சிலருடையவை அடுத்த தெருவுக்குப் போவதற்குள் அணைந்தன. கருவியின் விலைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பாட்டரியின் வயதே வித்தியாசம். ஆஸ்பத்திரியில் இருந்த மகளோடு பேச வேண்டிய ஒரு தாய் மூன்று முறை திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றார்.

அப்பொழுது அரசாங்கம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் வெள்ள நிவாரணத்தை நியாயவிலைக் கடைகளின் மூலம், டோக்கன் கொடுத்து ரொக்கமாகவே வழங்கியது. ரொக்கம் எதற்கு, வங்கிக் கணக்கில் போடலாமே என்று வாதித்தவர்கள் அன்று இருந்தார்கள். செத்துப்போன கைப்பேசியும் உயிரற்ற கோபுரமும் இருந்த தெருக்களில் நின்று பார்த்திருந்தால் அவ்வாதம் எழுந்திராது என்பதை இங்கே குறித்து வைக்கிறோம். கூட்டுறவுக் கடைகளின் ஊழியர்கள் அந்த நாட்களில் செய்த வேலை சிறியது அல்ல.

ஆகவே எண்பதோடு நிறுத்து என்று மேலே சொன்ன விதிக்கு ஒரு விலக்கு உண்டு. வானிலை நிலையம் எச்சரிக்கை விட்ட அன்றே கைப்பேசியை நூறு வரை நிரப்பிவிட வேண்டும். நாலு நாள் நிறைந்திருப்பதால் வரும் தேய்மானத்தைவிட, நாலாம் நாள் ஒரு பேச்சுக்கு உயிர் இருப்பது முக்கியம். மின்சாரம் போனபின் திரையை மங்க வைத்து, மணிக்கு ஒரு முறை மட்டும் விமான நிலையிலிருந்து வெளியே வந்து செய்தி பார்த்து, பேசுவதற்குப் பதில் குறுஞ்செய்தி அனுப்பினால் சாதாரணமாக ஒரு நாள் நிற்பது மூன்று நாள் நிற்கும்.

இனி நாம் வற்புறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருவோம். கைப்பேசிக்கு என்று ஒரு கடன் மனு வந்தால், சங்கத்தின் செயலாளர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “பாட்டரியை மாற்றிப் பார்த்தீர்களா?” மனுவை மறுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உடைந்தது உடைந்ததே. தயாரித்தவர்களே பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதை நிறுத்திவிட்ட மிகப் பழைய கருவியில் வங்கி வேலை செய்வதும் அபாயமே. அதற்குப் புதியது வாங்கக் கடன் கொடுப்பது நியாயம். மற்றவர்களுக்கு அந்த ஒரு கேள்வி பன்னிரண்டாயிரம் ரூபாயையும் அதன் வட்டியையும் மிச்சப்படுத்திக் கொடுக்கும்.

இது நம் கற்பனை அல்ல என்பதற்குத் தயாரிப்பாளர்களே சாட்சி. பாட்டரி தேய்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணையாமல் இருப்பதற்காக அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர்களின் கோபத்தைத் தணிக்கப் பாட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக 2018-ஆம் ஆண்டு முழுவதும் குறைத்தது. 2019 ஜனவரியில் வருமானம் குறைந்ததற்குக் காரணங்களை முதலீட்டாளர்களுக்கு எழுதிய அதன் தலைவர் டிம் குக், குறைந்த விலைக்குக் கிடைத்த பாட்டரி மாற்றத்தைச் சில வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். பாட்டரி மாற்றிக்கொண்டவன் புதியது வாங்குவதைத் தள்ளிப்போடுகிறான் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைப்பேசிகளின் பாட்டரி, எண்ணூறு முறை நிரப்பித் தீர்த்த பின்பும் எண்பது சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும் என்று சட்டமே செய்திருக்கிறார்கள். நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையத் தளத்தைத் தொடங்கியது. தளம் போதாது, சட்டம் வேண்டும் என்பது நம் கருத்து. நுகர்வோர் பண்டகசாலைகள் ஒன்றுகூடிக் கேட்டால் இக்குரல் கேட்கப்படாமல் போகாது.

சட்டம் வரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் தொழில் தெரிந்த பழுதுபார்ப்போர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். சங்கம் அவர்களில் நாணயமான ஒருவரோடு விலை பேசி ஏற்பாடு செய்துகொள்ளலாம். போடும் பாட்டரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறியும், ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்; பில்லும் ஆறு மாதப் பொறுப்பும் கொடுக்க வேண்டும். தனி ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். முந்நூறு அங்கத்தினர்கள் உள்ள சங்கம் கேட்டால் எழுந்து நின்று பேசுவார்.

உப்பிய பாட்டரி விஷயத்தில் தாமதம் கூடாது. அதை அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை இறக்குவது, மீண்டும் சார்ஜ் போடுவது எல்லாம் உயிரோடு விளையாடுவது. உள்ளே இருக்கும் தாள் கிழிந்தால் தகடுகள் தொட்டுக்கொண்டு தீப்பிடிக்கும். 2016-இல் சாம்சங் நிறுவனம் தன் நோட் 7 வகைக் கைப்பேசிகளைப் பாட்டரி தீப்பிடித்த காரணத்தால் உலகம் முழுவதிலிருந்தும் திரும்பப் பெற்றது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். பழைய பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டால் அது கொடுங்கையூருக்குத்தான் போகும். அங்கே எரியும் புகையைச் சுவாசிப்பவர்களும் நாமே. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி, தீர்ந்த பாட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளரைச் சேர்ந்தது. அவர் நம் வீட்டுப் பரணுக்கு வந்து தேடப் போவதில்லை. சங்க அலுவலகத்தில் மூடியுள்ள தகரப் பெட்டி ஒன்றில் காய்ந்த மணலைப் போட்டு வைத்து, அங்கத்தினர்கள் கொண்டுவருவதை முனைகளில் நாடா ஒட்டி அதில் போட்டு, பெட்டி நிறையும் முன்னரே பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைக்கலாம். உப்பியதை மட்டும் பெட்டியில் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே, கட்டடத்துக்கு வெளியே வைக்க வேண்டும்.

நெசவுச் சங்கமும் விவசாயக் கடன் சங்கமும் இதில் எல்லாம் தலையிடலாமா என்று நிர்வாகக் குழு அங்கத்தினர் ஒருவர் நம்மைக் கேட்டார். 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் சேர்ந்து திறந்த முதற் கடையில் வெண்ணெய், சர்க்கரை, மாவு ஆகியவற்றோடு சில மெழுகுவர்த்திகளும் இருந்தன. வீட்டுக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. ஆகவே மெழுகுவர்த்தி வைத்தார்கள். பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து விவசாயி பி.எம். கிசான் தவணை பெறுவதற்கு மின்னணுச் சரிபார்ப்புச் செய்தாக வேண்டும். கடவு எண் வரும்போது அவருடைய கைப்பேசி உயிரோடு இருந்தாக வேண்டும். வருஷத்துக்கு 6,000 ரூபாய் அந்த உயிரில் தொங்குகிறது. இது சங்கத்தின் விஷயமா அல்லவா என்பதை அங்கத்தினர்களே தீர்மானிக்கட்டும்.

பெரியவரின் பழைய கைப்பேசிக்கு அடுத்த வாரமே புதிய பாட்டரி போடப்பட்டது. செலவு ஆயிரத்து இருநூறு ரூபாய். இப்பொழுது அது பேத்தியின் படிப்புக்கு உதவுகிறது. மின்செருகியைப் பரணிலிருந்து இறக்கி ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். சங்கிலி இன்னும் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. தை மாதத்தில் மீட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.